கோழி அடிச்ச வீட்டுப் பக்கம்

ஏலே பேராண்டி, ஸ்டூலை விட்டு எறங்கு. ஆணி அடிச்சாச்சுல்லா? குரூப் நாலு பரீட்சைக்குப் படிக்கிறவன் சுவத்துல உலகப் படம் தொங்கணுந்தான். பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. கண்ணு மங்கின கிழவன் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. மேல வெள்ளையா, ஊறவச்ச கொண்டக்கடலை மாதிரி ஊதிக் கெடக்கே, அது எந்த ஊரு?

கிரீன்லாந்தா! கீழ இருக்கது ஆப்பிரிக்கா. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரில்லா தெரியுது. ஒன் புஸ்தகத்துல பரப்பு போட்டிருப்பான், பாரு. ஆப்பிரிக்கா 3 கோடிச் சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்து 21 லட்சத்துச் சொச்சம். 14 கிரீன்லாந்தை உள்ள கொட்டி மூடிரலாம். நம்ம இந்தியாவே 32 லட்சத்துச் சொச்சம்லே, அதைவிட ஒன்றரை மடங்கு. படத்துல என்னடான்னா அதுக்கு முன்னால துண்டை இடுப்புல கட்டிட்டு நிக்கிற ஆள் கணக்கா இருக்கோம்.

'இது மெர்கேட்டர் படம் தாத்தா, உருண்டையைத் தட்டையாக்கினா அப்படித்தான் வரும்'ங்க. அடேங்கப்பா, படிச்ச பிள்ளை! இந்தா, இந்தச் சாத்துக்குடியை உரி. தோலு பிய்யக்கூடாது. இப்ப அதைக் கட்டில்ல வச்சு உள்ளங்கையால அமுக்கு. கிழியுதா? கிழியக்கூடாதுன்னா இழுக்கணும், இழுத்தா எங்கனயாவது ஊதத்தான் செய்யும். அதுவரைக்கும் யாரையும் குத்தஞ்சொல்ல முடியாது. ஆனா எங்க கிழிக்கணும், எங்க இழுக்கணும்னு முடிவு பண்ண ஒரு கை இருக்கு பாத்தியா, என் கண்ணு அது மேலதான்.

நான் வாலிபத்துல சர்வேயருக்குச் சங்கிலி இழுத்தவன். ஒரு சர்வேயர் வந்தாரு, தங்கமான மனுசன், பொய்யே எழுத மாட்டாரு. மத்தியானம் எந்த வீட்டுல கோழி அடிச்சாங்களோ அந்த வீட்டுப் பக்கம் பென்சில் கொஞ்சம் தடிச்சுப் போகும், அவ்வளவுதான். காகிதத்துல அது மயிரிழை. தரையில ஒரு வண்டித்தடம்.

அந்த மெர்கேட்டர் யாரு வீட்டுலயும் சாப்பிடல, பாவம். 1569ல கப்பக்காரனுக்காகப் போட்ட படம் அது. திசைகாட்டி முள்ளை மாத்தாமப் போறவனுக்குப் படத்துல நேர்கோடு கெடைக்கணும்னு, நடுக்கோட்டை விட்டு வெலக வெலக இழுத்துவிட்டாரு. கடலுக்கு அது சரி. கப்பல்ல இருக்க வேண்டியதைக் கொண்டாந்து பள்ளிக்கூடத்துக் கரும்பலகை பக்கத்துல மாட்டினவன் யாருங்கேன்? மாட்டினவன் ஊரெல்லாம் வடக்கே. அவன் வயல்தான் பெருசாத் தெரியுது. எவன் கழட்டுவான்?

1973ல ஆர்னோ பீட்டர்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர், பரப்பை நான் சரி பண்ணுதேன்னு கெளம்பினாரு. 1855லயே ஜேம்ஸ் கால்னு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அந்தக் கணக்கைப் போட்டு வச்சிருந்தாரு, அது வேற கத. பரப்பு என்னமோ சரியாத்தான் வந்துச்சு. ஆப்பிரிக்காதான் பிழிஞ்சு கொடியில போட்ட ஈர வேட்டி மாதிரி நீண்டு தொங்குச்சு.

வடக்கு மேலதான் இருக்கணும்னு எந்தச் சாமி வந்து சொல்லிச்சு? 1154ல அல்-இத்ரீசி சிசிலி ராசாவுக்குப் போட்டுக் குடுத்த படத்துல தெக்குதான் மேல. ஐரோப்பாவுல பழைய வேதக்காரங்க கெழக்கை மேல வச்சு, நட்டநடுவுல ஜெருசலேமை வச்சாங்க. சந்தேகம்னா ஒன் படத்தைத் தலைகீழா மாட்டிப் பாரு. கன்னியாகுமரி உச்சியில நிக்கும், டெல்லிக்கு எறங்கிப் போகணும். கழுத்து வலிக்குதா? எத்தனை வருசப் பழக்கம்!

எல்லாம் வெள்ளக்காரன் சதின்னு துள்ளாதலே. கேள்விப்பட்டதை வச்சுக் கோடு போட்டா யாருக்கும் அதே கதிதான். அந்தக் காலத்துத் தாலமி கணக்குப்படி போட்ட படத்துல இலங்கை பூதம் மாதிரி வீங்கிக் கெடக்கும், நம்ம தெக்கு முனை தட்டையாப் போயிருக்கும். இதாவது இருக்கிற ஊரு. வங்காளத்தை அளந்த ரென்னல் இருக்காரே, அவரு 1798ல மேற்கு ஆப்பிரிக்காவுல ஒரு மலைத்தொடரே போட்டாரு. கோங் மலையாம். அவரைப் பாத்து அடுத்தவன் போட்டான், அவனைப் பாத்து அதுக்கடுத்தவன். 90 வருசம் கழிச்சு பிங்கேர்னு பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் அங்கனயே போய்ப் பாத்தாரு. மலையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அதுக்குள்ள எத்தனை பிள்ளைக அந்த மலைய எழுதி மார்க்கு வாங்கிச்சோ!

இல்லாததைப் போடுறது ஒரு வகை. இருக்கிறதைப் போடாம விடுறான் பாரு, அவன்தான் கெட்டிக்காரன்.

நம்ம ஊருப் படத்துல பண்ணையார் கிணறு மூணும் இருக்கு. சுமைதாங்கிக் கல்லு கூட இருக்கு. கீழத்தெருவுல இருந்து சுடுகாட்டுக்குப் போற பாதை மட்டும் இல்ல. தலைமுறை தலைமுறையாப் பொணம் தூக்கிட்டுப் போன பாதைலே அது. அன்னைக்குச் சங்கிலி பிடிச்சது நான்தான். எனக்குத் தெரியும், வாயத் தொறக்கல. அந்தக் கோழிக் கொழம்புல எனக்கும் ஒரு காலு வந்துச்சு.

பின்னால தார் போடச் சொல்லிக் கீழத்தெருக்காரங்க மனு குடுத்தாங்க. படத்துல பாதையே இல்லைன்னு ஆபீசுல திருப்பிட்டாங்க. இன்னைக்கும் மழைக்காலத்துல முழங்கால் சகதியிலதான் பாடையத் தூக்கிட்டுப் போறாங்க.

நீ பாஸ் பண்ணி ஒரு நாள் அந்த மாதிரி நாக்காலியில ஒக்காருவ. கீழத்தெருவுல இருந்து எவனாவது மனுவோட வந்தான்னா, படத்தை மடிச்சு வச்சிட்டு அவன்கூட எந்திரிச்சு நடந்து போய்ப் பாத்துட்டு வா. சாட்சி வேணும்னா சொல்லு, கம்பை ஊணிட்டு நானும் வாரேன்.