கலர் பென்சில் காலம்

1980களில் நான் எண்ணெய் தேடும் சர்வே கப்பலில் ஏறியபோது அது பின்னால் இழுத்துப்போனது ஒரே ஒரு கேபிள். ஸ்ட்ரீமர் என்போம்; உள்ளே வரிசையாக ஹைட்ரோபோன்கள், தண்ணீருக்குள் ஓசை கேட்கும் காதுகள். பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை ஏர்கன் அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் 'டொம்' என்று விடும். அந்த ஓசை கடலடிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வருவதைப் பதிவுசெய்துகொண்டே போவோம். ஒகேனக்கல் பரிசல்தான் பெரிய நீர்ப்பயணம் என்றிருந்த தருமபுரிக்காரனுக்குக் கடல் வாந்தியாகத்தான் அறிமுகமானது.

பதிவான டேப் கரைக்குப் போய், கம்ப்யூட்டரில் புகுந்து, காகிதச் சுருளாக மேசைக்கு வர மாதங்கள் ஆகும். பிறகுதான் உண்மையான ஆராய்ச்சி: கலர் பென்சில். இந்த அடுக்குக்குப் பச்சை, அந்த அடுக்குக்கு மஞ்சள். கப்பல் போன ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி; அங்கே பூமி எப்படி வளைகிறது என்பதைப் பெரியவர் ஒருவரின் பென்சில் முடிவு செய்யும். "மேடு மாதிரி தெரியுதுய்யா" என்பார். மேடு என்றால் எண்ணெய் மேலேறி வந்து தங்க இடம். மறுநாள் அவரே ரப்பரை எடுத்து மேட்டைப் பள்ளமாக்குவார்.

சிரிக்க வேண்டாம். 1964-65இல் சோவியத் கப்பல் 'அக்கடமிக் அர்ஹாங்கெல்ஸ்கி' சர்வே செய்து காட்டிய மேடுதான் மும்பைக் கடலின் பாம்பே ஹை எண்ணெய் வயல். 1974 பிப்ரவரியில் 'சாகர் சாம்ராட்' என்ற துரப்பண மேடை துளைபோட்டபோது எண்ணெய் வந்தது. நடுவில் போன பத்து வருடத்தைப் பற்றி எங்கள் சீனியர்கள் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

இப்போது அதே வேலையை என் அக்கா மகன் பெங்களூரில் ஏசி அறையில் செய்கிறான். ஒரு கப்பல் பத்துக் கேபிளுக்கு மேல் இழுக்கிறது, ஒவ்வொன்றும் ஆறு, எட்டு கிலோமீட்டர். கடலடி முழுவதையும் முப்பரிமாணத்தில் திரையில் சுழற்றி, வேண்டிய இடத்தில் வெட்டிப் பார்க்கிறான். அவனுக்கு வாந்தியும் இல்லை, ரப்பரும் இல்லை. "கலர் பென்சில்லயா மாமா?" என்று கேட்டபோது அவன் முகத்தில் இருந்தது மரியாதையா என்று தெரியவில்லை.

அக்காவுக்கு எங்கள் இருவர் மேலும் மரியாதை கிடையாது. "கடலுக்குள்ள இருக்கற எண்ணெய் தெரியுது, நம்ம கொல்லையில இருக்கற தண்ணி தெரியலயா?"

நியாயமான கேள்விதான். எங்கள் மாவட்டத்தை யாரும் தட்டிப் பார்க்காமல் விடவில்லை. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் குப்பம்-பழனி கோட்டில், பொம்மிடிப் பக்கமாக, வெடிவைத்து அதிர்வலை அனுப்பிக் கேட்டார்கள். 40 கிலோமீட்டருக்கும் கீழே, பூமியின் மேலோடு முடிகிற இடம் வரை தெரிந்தது. ஆனால் அக்காவுக்கு வேண்டியது எழுநூறு அடிக்குள். இங்கே கடலடிபோல அடுக்கடுக்கான படிவுப் பாறை இல்லை. எல்லாம் நைஸ், சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறைகள். தண்ணீர் இருப்பது பாறை விரிசலில். எண்ணெய் தேடும் அலை இந்தப் பாறையில் ஓடினால் அதன் நீளமே நூறு மீட்டரைத் தாண்டும். விரிசலோ விரல் நுழையாதது. இதை விளக்கினேன். அக்கா நிலத்தடி நீர் பார்க்கும் ஸ்கேனர்காரரை வரவழைத்தாள்.

முன்பெல்லாம் உள்ளங்கையில் தேங்காய் நிறுத்தி நீரோட்டம் பார்த்த குடும்பம் அவருடையது. இப்போது கம்பி, ஒயர், ஒரு பெட்டி. கொல்லையில் இரண்டு நடை நடந்ததும் செல்போனில் கலர்ப் படம் வந்துவிட்டது. ஐந்நூறு அடியில் நீலம்.

"கலர் செட்டிங்கை மாத்தினா இந்தத் தண்ணி காணாமப் போயிடும் மாமா" என்று காதில் சொன்னான் அக்கா மகன்.

"நீலமா இருக்குது பாரு" என்றாள் அக்கா.

திருச்செங்கோட்டு போர் வண்டி வந்தது. ஐந்நூறில் வெறும் புழுதி. அறுநூறைத் தாண்டி, படத்தில் அடர் சிவப்பாக இருந்த இடத்தில், இரண்டு இஞ்ச் தண்ணீர் பீறிட்டது. ஃப்ளூரைடு இருக்கும், குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்தான், தக்காளிக்குப் போதும். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா ஸ்கேனர்காரருக்கு ஜிபேயில் ஐந்நூறு ரூபாய் சேர்த்தே அனுப்பினாள்.