மெரினாவுக்குப் போன மணல்

பொங்கல் வந்தால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ‘பாரம்பரிய விளையாட்டு விழா’ என்று பேனர் கட்டி, பம்பரம் விடச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளைக் காசு கொடுத்துக் கூட்டிவருகிறார்கள். அவர் பிளாஸ்டிக் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக் காட்ட, பெற்றோர் செல்போனில் படமெடுக்க, எனக்கோ ராயபுரத்துச் சந்தில் தோற்றவன் பம்பரத்தை மண்ணில் புதைத்து ‘ஆக்கர்’ குத்திய சத்தம் காதில் விழுகிறது. தலையில் எத்தனை குழி விழுந்தாலும் அதை டவுசர் பையில் போட்டுக்கொண்டுதான் தூங்குவோம். அப்போது எங்களைத் தறுதலை என்றார்கள், பேனர் கட்டவில்லை.

சடுகுடுவுக்கு மணல் வேண்டுமே, அதுதான் வேடிக்கை. தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கே ஊர்ந்து வந்த மணலை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பிய துறைமுகச் சுவர் வழிமறித்துக்கொள்ள, அந்தப் பக்கம் அது குவிந்து மெரினா அகலமானது, இந்தப் பக்கம் காசிமேடும் திருவொற்றியூரும் கடலுக்குக் கரையைக் கொடுத்துவிட்டுக் கருங்கல் கொட்டிக்கொண்டன. ஆக, நாங்கள் புரண்டிருக்க வேண்டிய மணலில்தான் ஊரே சுண்டல் தின்கிறது! போகட்டும், சடுகுடுவும் 2014-ல் புரோ கபடி லீக் ஆகி மெத்தை விரிப்பில் ஏறிவிட்டது. முட்டி தேயாமல் ஆடுகிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

காத்தாடிப் பேச்சு வந்தால் மட்டும் நான் அடக்கி வாசிப்பேன். பியூஸ் போன பல்பை இடித்துத் துணியில் சலித்து, வஜ்ரம் காய்ச்சிச் சாயம் கலந்து, இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நூல் கட்டி மாஞ்சா பூசுகிறபோது இருந்த சிரத்தை எனக்குப் பிறகு எந்த வேலையிலும் வந்ததில்லை. அந்த நூல் பைக்கில் போகிறவர் கழுத்தை அறுக்கும் என்று தெரிந்த பிறகு, போலீஸ் தடை போட்டது சரி என்றே சொல்வேன். சொல்லிவிட்டு மாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன், அதற்குத் தடை இல்லை.

கேரம்தான் எங்களை நன்றாக ஏமாற்றியது. சந்து முனையில், தொங்கும் பல்புக்குக் கீழே, போரிக் பவுடர் தூவிய பலகையில் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடத் திணறுகிற நேரம் பார்த்து அப்பா வருவார், “இது சோறு போடுமாடா?” என்று காதைத் திருகுவார். இதே சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் உலக சாம்பியனாகி 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார், அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். 2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அமெரிக்காவில் மூன்று தங்கம் ஜெயித்து வர, அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. அதற்கு மறுமாதமே என் மருமகள் கேட்டாள்: “மாமா, பையனைக் கேரம் கோச்சிங்கில் சேர்க்கணும், உங்களுக்கு யாராவது தெரியுமா?” அப்பா இருந்திருந்தால் ஃபீஸ் எவ்வளவு என்று முதலில் அவர்தான் கேட்டிருப்பார்.