ஓடாத டிராக்டரின் பாடபேதங்கள்

ஓடும் டிராக்டரைப் பற்றித் தமிழில் வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. கம்பெனிக் கையேடு இருக்கிறது, மானிய அறிவிப்பு இருக்கிறது, வங்கியிலிருந்து வரும் தவணைக் கடிதம் இருக்கிறது. ஓடாத டிராக்டருக்கோ ஒரு நூற்பா கிடையாது. ஊருக்கு நாலு கொட்டகையில் அது நிற்கிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் "வண்டி வேற நிக்கிது" என்று சொத்துக் கணக்கில் சேர்கிறது. ஆனாலும் ஆய்வுலகம் அதன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுப்பொருள், மன்னார்குடிப் பக்கம் ஒரு குடும்பத்தின் மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவே நிற்கும் சிவப்பு மாஸி ஃபெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் என்ஜின், ஏறக்குறைய 35 குதிரைத்திறன். ஆய்வாளர் அக்குடும்பத்தின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் ஆகையால் அவருடைய நடுநிலை குறித்து ஐயம் எழலாம். நடுநிலை இல்லை.

முதலில் காலம். இதற்கு அகச்சான்று இரண்டு உண்டு. நம்பர் பிளேட்டில் 'டி' என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்து வரிசை இருக்கிறது. 'டி.என்.' போட்டு எண் போடும் முறை 1989இல் வந்தது என்பதால் வண்டி அதற்கு முற்பட்டது என்பது உறுதி. வாங்கிய காலம் இவ்வாறு தெளிய, நின்ற காலம்தான் சிக்கல். "ரெண்டு மூணு வருஷமாத்தான் எடுக்கல" என்பது பெரியப்பாவின் கூற்று. இதை மறுக்கும் சான்று ஸ்டியரிங்கின் கழுத்தில் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கதம்ப மாலை ஒன்று அங்கே ஏறும். பூ உதிரும், வாழை நார் தங்கும். வண்டி ஓடிய காலத்தில் குலுக்கலில் நார் அறுந்து வயலில் விழுந்துவிடும். ஆகவே இப்போது அங்கே சுற்றிக் கிடக்கும் நார் ஒவ்வொன்றும் வண்டி அசையாத ஓர் ஆண்டைக் குறிக்கும். மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்லும் அறிஞர்கள் இம்முறையை ஏற்பார்கள் என்றே நம்புகிறேன். நார்கள் ஒரு டஜனைத் தாண்டுகின்றன. அடியில் இருப்பவை மக்கிவிட்டதால் அதற்குக் கீழே போக இயலவில்லை. பானட்டின் மேலுள்ள சந்தனப் பொட்டைச் சுரண்டினால் மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று அடுக்கு வருகிறது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலருக்கு இப்படியொரு மண்ணடுக்கு வாய்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். சுரண்டியதைப் பாட்டி பார்த்துவிட்டதால் அகழாய்வு முதல் கட்டத்தோடு நிறுத்தப்பட்டது.

அடுத்து மரபு. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் கலப்பையை வண்டிக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுக்காமல், மூன்று முனையில் மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்கும் ஏற்பாட்டைச் செய்தார். கலப்பை மண்ணில் சிக்கும் விசையே பின்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். அதனால் சிறிய வண்டியும் மூக்கைத் தூக்காமல் உழும். இன்று எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்புறத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று முனைதான். சாம்பல் நிறத்துக்குப் பேர்போன அவருடைய வண்டிகளில் மூன்றை ஓட்டிக்கொண்டுதான் எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரியில் தென்துருவம் போய்ச் சேர்ந்தது. 1960இல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கி, அந்த வம்சம் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நம் வயலில் இறங்கியது. பாட்டன் பனிப்பாளத்தில் துருவம் வரை போயிருக்க, பேரன் கொட்டகையிலிருந்து களத்துக்குப் போகாமல் நிற்கும் முரணை வரலாற்றாசிரியர்கள்தான் விளக்க வேண்டும். ஃபெர்குசனின் டாப் லிங்கில் இப்போது பால் கேன் தொங்குகிறது.

இனி இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருவோம். "வண்டிக்கு என்ன?" என்று யாரைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல, சின்ன வேலதான்" என்ற தொடர் பேதமின்றி எல்லாச் சுவடிகளிலும் காணப்படுகிறது. அதற்குப் பிறகுதான் பாடங்கள் பிரிகின்றன. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு, கிடைத்த பாடங்களை இங்கே தருகிறேன்.

பெரியப்பா பாடம்: "பேட்டரி ஒண்ணு போட்டா இப்பவே எடுத்துரலாம்." சித்தப்பா இதை ஏற்பதில்லை. "பேட்டரி இல்லாம தள்ளி ஸ்டார்ட் பண்ணலியா நாம? அது ஏர் லாக்குண்ணே" என்பது அவர் பாடம். அக்காலத்தில் வண்டி ஓட்டிய பெரியவர் இருவரையும் மறுத்து, "கிளட்ச் பிளேட் ஒட்டிக்கிச்சு தம்பி, இன்னொரு வண்டிய வச்சு ஒரு இழு இழுத்தா விட்டுரும்" என்கிறார். அத்தையின் பாடம், பக்கத்துத் தெருக்காரர் இரவல் கேட்டு வாங்கிப்போய்த் திருப்பி விட்ட அன்றைக்கே வண்டி மேல் கண் பட்டுவிட்டது என்பது. பாட்டி பாடம் மிகச் சிறியது: "அவுக போனாக, அதுவும் நின்னுபோச்சு." சுருங்கச் சொல்லல் என்னும் அழகு இதில் உண்டு, பழுதுபார்க்க உதவாது.

இவற்றுள் எது மூலபாடம்? நச்சினார்க்கினியர் எங்கெங்கோ கிடக்கும் சொற்களை ஒன்றோடொன்று மாட்டிப் பொருள் காண்பவர். அவர் வழியில் சென்றால் இப்பாடங்கள் ஒன்றையொன்று அடிப்பவை அல்ல, வரிசைப்பட்டவை என்று தெரிகிறது. வண்டியை எடுக்காததால் சார்ஜ் ஏறாமல் பேட்டரி இறங்கியது. டேங்கில் கிடந்த டீசலை மோட்டார் கொட்டகை என்ஜினுக்கு யாரோ உறிஞ்சிக்கொண்டார்கள் (யார் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும்). டேங்க் காய்ந்து குழாயில் காற்றுப் புகுந்தது. அதுவே ஏர் லாக். டீசல்தான் பம்புக்கு எண்ணெயும். அது நின்றதும் உள்ளே மயிரிழை இடைவெளியில் ஓடும் உருளைகள் இறுகின. ஐப்பசி ஈரத்தில் ஃப்ளைவீல் துருவேறி கிளட்ச் பிளேட்டைக் கவ்விக்கொண்டது. கண் திருஷ்டிக்கு மட்டும் இந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

ஒருநாள் மெக்கானிக் ஒருவர் வரவழைக்கப்பட்டார். சைலன்சர் குழாயின் வாயில் மழை இறங்காதிருக்கக் கவிழ்த்திருந்த கொட்டாங்குச்சியை முதலில் எடுத்தார். அதற்கு மேல் கவிழ்த்திருந்த பழைய பால் பவுடர் டின்னை எப்போதோ குரங்கு கொண்டுபோய்விட்டது. கொட்டாங்குச்சியின் கண்ணை யாரும் அடைக்கவில்லை. அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் எந்த சிலிண்டரின் வால்வு திறந்து நின்றதோ அதற்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஏர் கிளீனரின் எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினார். எண்ணெய்க்குப் பதிலாக வைக்கோல் துணுக்கு, நெல் உமி, ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலை, நடுவில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். சட்டியை மறுபடி அப்படியே மாட்டினார். நாசில் இருந்த துளைகளில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, ஃபேன் பிளேடைப் பிடித்து முக்கிப் பார்த்தார். அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "சின்ன வேலதாண்ணே." பிறகு பட்டியல் போட்டார்: லைனர் பிஸ்டன் செட், வால்வு கிரைண்டிங், பம்பு காலிபரேஷன், நாசில் மூணு, கிளட்ச் செட், ஒயரிங், பின் டயர் ரெண்டு, முன் டயர் ரெண்டு, பேட்டரி. "மத்தபடி வண்டி நல்ல கண்டிஷன்."

பெரியப்பா அந்தப் பட்டியலில் கடைசிச் சொல்லை மட்டும் கேட்டார். "நாந்தான் சொன்னேன்ல, பேட்டரின்னு."

பாடங்களையெல்லாம் ஒப்பிட்டபோது எந்தச் சுவடியிலும் இல்லாத பாடம் ஒன்று இருப்பது தெரிந்தது. நின்ற அன்று இந்த வண்டிக்கு ஒரு பழுதும் இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12 திறந்தால் குறுவைக்கு எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சேறடிக்க வேண்டும். ஐந்து கொத்துக் கலப்பையும் கேஜ் வீலும் வைத்து இரண்டு சால், மூன்று சால் என்று இந்த 1035 சுற்றிக்கொண்டிருந்த வேளையில், பெரிய டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி மணிக் கணக்கில் வாடகைக்கு வர ஆரம்பித்தார்கள். போன் போட்டால் டிரைவரோடு வரும். டீசல் அவர்கள் பொறுப்பு. மதியச் சோறு மட்டும் நம் பொறுப்பு. அந்த வருஷம் "இந்த ஒரு போகத்துக்கு வாடகை வண்டிய விட்டுப் பாப்பம்" என்றார் தாத்தா. வண்டி பழுதாகி நிற்கவில்லை. நின்ற பிறகு, நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் பழுதுபட்டது. இம்முடிபைக் குடும்பத்தில் ஒருவரும் ஏற்கவில்லை. தேவையில்லாமல் போன வண்டியைவிட ரிப்பேரான வண்டி கௌரவமானது.

சும்மா நிற்கிறது என்று சொல்லவும் முடியாது. பானட்டில் மிளகாய் வற்றல் காய்கிறது. வலப்பக்க மட்கார்டு தபால்காரர் உட்காரும் இடம். இடப்பக்கம், அப்பாவிடம் கோபித்துக்கொண்டவர்கள் உட்காருவது. சீட்டுக்கு அடியில் கோழி அடைகாக்கிறது. பீர்க்கங்கொடி ஸ்டியரிங் வழியாக ஏறி ஓட்டைப் பிடித்துவிட்டது, காய்ப்பு குறைவில்லை. இழுவைக் கொக்கியில் கன்றுக்குட்டி கட்டியிருக்கிறது. 35 குதிரைகள் ஒரு கன்றைப் பிடித்து வைத்திருப்பது விரயம் என்று பொறியாளர்கள் சொல்லலாம். கன்று இதுவரை அவிழ்த்துக்கொண்டு போனதில்லை.

ஆயுத பூஜையில் ஒரு சமயச் சிக்கல் உண்டு. வண்டியாகப்பட்டது எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நசுக்க வேண்டும் என்பது விதி. ஏற முடியாத வண்டி என்ன செய்யும்? நூல்கள் இதற்கு வழி சொல்லவில்லை. ஆரம்பத்தில் நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். டயரில் காற்று போய் ரிம் மண்ணில் இறங்கிய பின் அதுவும் நின்றது. சில ஆண்டுகள் பழத்தைச் சக்கரத்துக்கு முன் வைத்துவிட்டு வந்தார்கள். அது அங்கேயே காய்ந்து உருண்டு, அடுத்த ஆண்டு புதுப்பழத்தின் பக்கத்தில் சாட்சியாக நின்றது. இப்போது வழக்கம் நிலைபெற்றுவிட்டது: தீபாராதனை முடிந்ததும் சித்தப்பா வண்டியின் சார்பாக நாலு பழத்தையும் காலால் மிதிக்கிறார். ஒரு வருஷம் அவருக்கு முழங்கால் வலி. "வண்டி இந்த வருஷம் சரியில்ல" என்று பாட்டி சொன்னது வண்டியையா சித்தப்பாவையா என்பது ஆய்வுக்குரியது.

சட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகம் தாத்தா பேரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பேர் மாற்ற வேண்டும் என்பது விதி. படிவத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதில் வரும் அத்தனை பேரும் சம்மதித்தாக வேண்டும். நிலத்தைப் பாகம் பிரித்தபோது பம்புசெட்டுக்கு முறை வைத்தார்கள், தென்னைக்கு எண்ணிக்கை வைத்தார்கள். டிராக்டரைப் பற்றிப் பத்திரத்தில் பேச்சே இல்லை. அதனால் அது எல்லோருடையதும். இன்ஷூரன்ஸ் கட்டும்போது மட்டும் யாருடையதும் அல்ல.

சென்ற தை முடிந்ததும் காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, மட்கார்டை முட்டியால் தட்டிப் பார்த்து, "ஒன்றரை டன்னு தேறும்" என்றவர் கிலோவுக்கு ஒரு விலை சொன்னார். பேட்டரி என்றும் ஏர் லாக் என்றும் கிளட்ச் என்றும் பிரிந்து கிடந்த பாடங்கள் அந்த ஒரு நொடியில் ஒன்றாயின. "கிலோ கணக்கா? வண்டிய என்னன்னு நெனச்சீர்?" என்று பெரியப்பா எழுந்தார். "ஓடுற வண்டியப் போயி எடைக்குக் கேக்குறாரு பாருண்ணே" என்றார் சித்தப்பா. உள்ளேயிருந்து அத்தை, "மொதல்ல அவரு கண்ண எடுக்கச் சொல்லுங்க" என்றார். வந்தவர் கொட்டகை ஓரம் கிடந்த உடைந்த குடத்தையாவது கொடுங்கள் என்று கேட்டு, அதுவும் கிடைக்காமல் போனார்.

மறுநாள் காலை பெரியப்பா பஸ் ஏறி மன்னார்குடி போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்தார். டிராக்டருக்கென்றே உள்ள பெரிய பேட்டரி. ஆட்டோவில் வந்து இறங்கியது. சந்தனம் வைத்துத் திண்ணையில் வைத்தார்கள். விடிந்ததும் மாட்டலாம் என்று பேச்சு. அன்று ராத்திரி கரண்டு போனது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இழுத்துக்கொண்டு கிடந்தது. பாட்டிக்குப் புழுக்கம் தாங்காது. "ஒரு ராத்திரிக்குத்தானே" என்று புதுப் பேட்டரியை அதில் மாட்டினார்கள். அதிலேயே இருக்கிறது. யாராவது வந்து வண்டிக்கு என்ன என்று கேட்டால் பெரியப்பா இப்போது மேலே சுழலும் ஃபேனைக் காட்டி, "பேட்டரிதான் இல்ல, மத்தபடி இப்பவே எடுத்துரலாம்" என்கிறார்.