ஐந்திணை நோக்கில் வினைல் தரை: ராயப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

வினைல் தரையை ஐந்திணை நோக்கில் இதுவரை எவரும் ஆராயவில்லை. எவரும் தொடாத பொருளைத் தொட்டிருக்கிறேன் என்று முதல் பத்தியிலேயே அறிவிப்பது ஆய்வேட்டு மரபு. ஏன் எவரும் தொடவில்லை என்று கேட்காமல் நகர்ந்துவிடுவதும் அதே மரபு. நகர்கிறேன்.

ஆய்வு எல்லை, ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து லாயிட்ஸ் சாலை வரை. இச்சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்றொரு பாடமும் பெயர்ப்பலகைகளில் காணப்படுகிறது. ஆட்டோக்காரர்கள் பழைய பாடத்தையே கொள்வர். இப்பகுதியின் அடுக்குமாடிகள் அனைத்தையும் கள ஆய்வு செய்யத் திட்டமிட்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டதால் என் வீட்டோடும் தெருக்கோடியில் உள்ள பழைய வீட்டோடும் நிறுத்திக்கொண்டேன். சொல்லாராய்ச்சியில் இறங்கப் போவதில்லை. அங்கே ஏற்கெனவே நெரிசல் அதிகம்.

முதலில் அகழாய்வு. தெருக்கோடி வீட்டுக் கூடத்தில் ஒரு மூலை பெயர்ந்து கிடந்தது தமிழுக்குக் கிடைத்த பேறு. மேலே விட்ரிஃபைட் டைல்ஸ். அதன்கீழ் மொசைக். அதன்கீழ் சிவப்புக் காவித் தரை. அதற்கும் கீழே செங்கல்தூளும் சுண்ணாம்பும். காலக் கணிப்புக்காக ஃப்ளோரிடா ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப நிதி இல்லாததால் வீட்டு அம்மாவையே கேட்டேன். "காவியா? எங்க மாமியாரோட மாமியார் காலத்துதுப்பா" என்றார். ஒரு மாமியாருக்கு முப்பது ஆண்டு என்று வைத்துப் பெருக்கினேன். நம்மில் சிலர் ஓராயிரம் ஆண்டு என்று வைத்துப் பெருக்குவதுண்டு. எனக்கு அத்தனை துணிவு வரவில்லை.

மேலை வரலாறு ஒரு பத்திக்கு மேல் தாங்காது. ஆளிவிதை எண்ணெயிலிருந்து லினோலியம் செய்ய 1863இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஃபிரெடெரிக் வால்டன். வினைலின் மூலப்பொருளான விறைப்பான பி.வி.சி.யை வளைய வைத்தவர் அமெரிக்காவின் வால்டோ செமன், ஆண்டு 1926. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் தரையை மக்கள் மிதித்துப் பார்த்தார்கள். நம் மேட்டூரிலும் 1960களிலிருந்து பி.வி.சி. தயாராகிறது. ஆகவே வினைல் தமிழருக்கு அந்நியமன்று என்பது நிறுவப்பட்டது. இப்படித்தான் நிறுவுவார்கள்.

இனி வினைல் எந்தத் திணை? பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். குளோரின் உப்பிலிருந்து வருகிறது. உப்பு வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் விளைகிறது. எனவே வினைல் நெய்தல். இப்போது கடைகளில் அதிகம் காட்டும் எஸ்.பி.சி. (கல்-பிளாஸ்டிக் கலவை) பலகையில் பி.வி.சி.யைவிடச் சுண்ணாம்புக்கல் பொடிதான் கூடுதலாயிற்றே, கல் என்றால் குறிஞ்சியல்லவா என்பார் உளர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் டைனோசர் காலத்தில் கடலடியாகக் கிடந்ததை அவர்கள் அறியார். அதுவும் நெய்தலே. மேலே அச்சடித்திருப்பது மட்டும் மரம், ஆகவே முல்லை. அதுவும் ஓக் மரம். ராயப்பேட்டையில் ஓக் நிழலில் ஒதுங்கியவர் எவரையும் நான் சந்திக்கவில்லை. ஆனாலும் கடைக்காரர் எடுத்து வைக்கும் கேட்லாக்கில் தேக்கும் பலாவும் ஓரமாக நிற்க, ஓக் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. இலக்கணத்தில் இதற்குத் திணை மயக்கம் என்று பெயர் உண்டு, கடையில் 'டிசைன்'.

பலகையின் அமைப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உச்சியில் 0.3 அல்லது 0.5 மி.மீ. கனத்தில் தேய்மானம் தாங்கும் படலம். அதன்கீழ் மர அச்சுப் படலம். அதன்கீழ் பொடியை அழுத்திய உடல். மேலே பளபளப்பு, நடுவே வேறெங்கோ வளர்ந்த ஒன்றின் நகல், அடியில் வெறும் பொடி. முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பற்றிச் சொல்லவில்லை, பலகையைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்நூலுக்கு, அதாவது என் வீட்டில் போட்ட வினைல் தரைக்கு, உரை கண்டவர்கள் நால்வர்: மேஸ்திரியார், மேல்மாடியார், கீழ்வீட்டார், என் அத்தை. தொல்காப்பிய உரையாசிரியர்களில் ஒருவரைப் பேராசிரியர் என்ற பட்டத்தால் மட்டுமே அறிகிறோம். அவருக்குப் பட்டம் நின்றதற்குக் காரணம் உரை. பட்டம் நிற்பதற்கு உரை வேண்டியதில்லை என்பது பிற்காலத்து வளர்ச்சி.

மருதம். உரிப்பொருள் ஊடல். நிறம் தேர்ந்தெடுக்கையில் நிகழ்வது. இதற்கு மேல் எழுத வீட்டில் அனுமதியில்லை.

முல்லை. உரிப்பொருள் காத்திருத்தல். வாங்கி வந்த பெட்டிகளைப் போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்க வைத்து, அறையின் வெப்பத்துக்குப் பழக்க வேண்டும் என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட நூற்பா. "அதெல்லாம் குளிர் தேசத்துக்கு சார்" என்பது உரை (மேஸ்திரியார், வாய்மொழி, பீடி இடைவேளை).

குறிஞ்சி. உரிப்பொருள் கூடல். பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் 'கிளிக்' என்று விழும் பூட்டு, 1990களில் ஸ்வீடனிலும் பெல்ஜியத்திலும் உருவானது. பசை இல்லை, ஆணி இல்லை. கூடல் எளிதில் நிகழாதபோது ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்று முன்னோர் வகுத்ததன் நுட்பம் அப்போதுதான் விளங்கிற்று: வேலை இழுத்து இழுத்து யாமத்துக்கே வந்து நின்றது. இதற்கு வலுவான மறுப்புரை உண்டு (கீழ்வீட்டார், 'கதவுத் தட்டல்', இரண்டாம் தொகுதி, முதல் தொகுதி குழாய் கசிவு பற்றியது).

நெய்தல். உரிப்பொருள் இரங்கல், அதுவும் நீரோரத்தில். வினைலில் தண்ணீர் புகாது என்று விற்கிறார்கள். பொய்யில்லை, பலகைக்குள் புகாது. பலகைக்கு அடியில் புகும். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் தள்ளி வீட்டை அலம்புவது எங்கள் அத்தையின் ஆகமம். அப்படித் தள்ளிய நீர் சுவரோரமாக இறங்கி, அடியிலுள்ள ஃபோம் ஷீட்டில் தங்கி, ஊறி, சில நாள் கழித்து மணமாகத் திரும்பி வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தபோது மொசைக் தரைகளைக் கழுவி விட்டார்கள். வினைல் என்றால் முழுவதையும் பிரித்து, அடியைக் காயவைத்து, மறுபடி பூட்ட வேண்டும். வேலைக்கு வரும் அக்கா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "தண்ணி ஊத்த முடியாத தரை இன்னா தரை?" ஆய்வுலகம் அவரிடம் கருத்துக் கேட்பதில்லை. தரையை அவரைவிட அருகில் பார்த்தவர் எவர் என்பதும் அங்கே எழாத கேள்வி.

பாலை. இங்கேதான் ஆய்வின் உயிர் இருக்கிறது. வாசகர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

பாலையின் உரிப்பொருள் பிரிதல். பலகைக்கும் சுவருக்கும் இடையே 6 முதல் 10 மி.மீ. வரை பிரிவு இருக்க வேண்டும். ஏனெனில் இது மிதக்கும் தரை. அடியில் எதனோடும் ஒட்டாமல் கிடக்கிறது. வெப்பத்தில் விரியும். விரிய இடமில்லாவிட்டால் சுவரை முட்டி, கூடத்தின் நடுவே முதுகைத் தூக்கும். எப்போது தூக்கும்? கத்திரி வெயிலில், மேற்குப் பார்த்த பால்கனிக் கண்ணாடிக் கதவோரம், மதியம். பாலைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே வினைலின் வெப்ப விரிவு தமிழனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவோர் தமிழ்ப் பகைவர். மேலும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது மரபு. இங்கும் காத்திருத்தலும் கூடலும் கெட்டால்தான் பலகை பிரிந்து வாய் பிளக்கிறது. கண்ணீர் வரவழைக்கும் பொருத்தம்.

இடைவெளி பற்றி மூன்று மதங்கள் உண்டு. மறைப்பு மதத்தார் அதன்மேல் ஸ்கர்ட்டிங் அடிப்பர். இதுவே சரி, ஆணி சுவரில் இறங்க வேண்டும், பலகையில் அன்று. நிரப்பு மதத்தார் வெள்ளை சிமெண்ட் குழைத்து அடைப்பர். விரிய விட்ட இடத்தை அடைத்துவிட்டு அழகு என்பர். மூன்றாவது இன்மைவாதம்: "கேப் வுட்டா பூச்சி வரும் சார், ஒட்டிப் போட்டுர்லாம்" (மேஸ்திரியார், மேற்படி). இதை மறுத்து மேல்மாடியார் எழுதிய 'இடைவெளி விளக்கம்' மின்கட்டண ரசீதின் பின்புறம் பென்சிலில் உள்ளது. வலது மூலை காப்பி படிந்து சிதைந்திருக்கிறது. வேறொரு படி மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு கடையில் இருந்ததாகவும், அதில் மூன்றாம் வரி வேறு விதமாக இருந்ததாகவும், ஒப்பிடச் செல்வதற்குள் அதில் சீரகம் மடித்துக் கொடுத்துவிட்டதாகவும் தெரிகிறது. சீரகம் வாங்கியவர் ஜாம்பஜார்ப் பக்கத்தவர் என்பது வரை தடம் கண்டேன். சிதைந்த இடத்தில் இருந்த சொல் 'மில்லிமீட்டர்' என்பது என் துணிபு. 'மாமியார்' என்று படிக்கும் அத்தையின் பாடம், அவர் அப்போது மேல்மாடியாரின் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததால், சார்புடையது எனத் தள்ளப்படுகிறது.

பாலையின் கருப்பொருள்கள்: கடுகு, ஊக்கு, உளுத்தம்பருப்பு, ஒரு கம்மலின் திருகு. விலங்கு, செவ்வெறும்பு. தெய்வம், இரும்பு பீரோ. பீரோவை நகர்த்தாமல் அதைச் சுற்றிப் போட்டுவிடலாம் என்பது இல்லறத்தார் கொள்கை. மிதக்கும் தரையை ஒரு பக்கம் அத்தனை எடை அழுத்திப் பிடித்தால், விரிவு முழுவதும் மறுபக்கம் போய்ச் சேரும். ஆறலை கள்வரும் பாலைக்குரியர். சதுர அடிக்கு ஒரு விலை சொல்லி வரவழைத்து, ஃபோம் தனி, ஸ்கர்ட்டிங் தனி, வாசற்படி பட்டி தனி, வெட்டிக் கழிவதற்குப் பத்து விழுக்காடு தனி என்று வழி மறிக்கும் கடைக்காரரை இவ்வகையில் சேர்க்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது. தரை ஐந்து மில்லிமீட்டர் உயர்ந்ததும் கதவு உரசும், ஆசாரி வந்து அடியை இழைக்க வேண்டும், அதுவும் தனி.

ஆறாவதாகக் கைக்கிளை, ஒருதலைக் காமம்: இத்தாலிய மார்பிள்.

ஆய்வேட்டில் இடம்பெறாத ஒரு சொல் வாசகருக்கு. கேட்லாக்கைத் திறக்கும் முன் ஆறடி மட்டப்பலகை ஒன்றை உங்கள் பழைய தரையில் வையுங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால், பணத்தை முதலில் லெவலிங் வேலைக்குச் செலவிடுங்கள். மேடுபள்ளத்தின் மேல் போட்ட பூட்டு நடக்க நடக்க உடையும். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள். அதன் பேட்ச் எண்ணைக் கிழித்துவிடாதீர்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அதே நிறம் வேறு நிறமாகியிருக்கும்.