கயிற்றின் அந்தப் பக்கம் ஒரு ஆள்

கிளைடர் போட்டிக்காரர்களைப் போல் கணக்குச் சுத்தமானவர்களை நான் பார்த்ததில்லை. இறக்கையின் முன்விளிம்பில் நாலு பூச்சி செத்து ஒட்டினால் சறுக்கும் தூரம் குறைந்துவிடுமாம். அதைப் பறந்துகொண்டே வழித்தெடுக்கத் தனியாக ஒரு துடைப்பான் வைத்திருக்கிறார்கள். மூட்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டுகிறார்கள். அன்றைய வெற்றியாளருக்கு 1000 புள்ளி வரை உண்டு. ஜிபிஎஸ் பதிவுக்கருவி விநாடிக்கு விநாடி சாட்சி சொல்லும். இத்தனை கூர்மையான கண்ணில் படாத ஒன்றே ஒன்று, சுமார் 60 மீட்டர் முன்னால் பறந்துகொண்டிருக்கும் விமானமும் அதற்குள் உட்கார்ந்திருக்கும் மனுஷனும்தான்.

எஞ்சின் இல்லாத இந்த மகாராஜாக்களை 2000 அடிக்கு இழுத்துக்கொண்டு போய் விடுகிறவர் டோ பைலட். அமெரிக்காவில் அவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் பைப்பர் பானி, அதாவது வயலுக்கு மருந்தடிக்கப் பிறந்த விமானம். வரிசையில் நாற்பது ஐம்பது கிளைடர் நிற்கும். ஏறு, விடு, இறங்கு, அடுத்ததை மாட்டு. அவருக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமில்லை. பின்னால் வருகிறவரோ இறக்கைக்குள் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருகிறார். பாரம் கூடினால் பந்தயத்தில் வேகம் கூடும் அல்லவா!

கயிற்றில் தொங்கும் நேரத்தில் அந்த மகானுக்கு ஆயிரம் வேலை. ஃப்ளைட் கம்ப்யூட்டரில் பாதையைத் திருத்த வேண்டும். தொப்பியைச் சரிசெய்ய வேண்டும். சரியாகப் பூட்டாத கண்ணாடி மூடி திறந்துகொண்டால் அதையும் பிடிக்க வேண்டும். தலை குனிந்த அந்த இரண்டு மூன்று விநாடியில் கிளைடர் காற்றாடியாய் மேலே எகிறுகிறது. பின்பாரம் ஏறிய வண்டி மாட்டின் கழுத்தோடு நுகத்தடியைத் தூக்கும். இங்கே தூக்கப்படுவது டோ விமானத்தின் வால். மூக்கு நேராகத் தரையைப் பார்க்கும். நிமிர்த்தச் சில நூறு அடி உயரம் வேண்டும். இருப்பதே முந்நூறு அடி என்றால்?

கிளைடர்காரர் கயிற்றைக் கழற்றிவிட்டு அழகாக வட்டமிட்டு இறங்கிவிடுவார். விசாரணையில் "கவனம் சிதறியது" என்பார். அவருடைய கவனம்தான் சிதறியது. சிதறிக் கிடப்பது இன்னொருவர்.

கழற்றும் பிடி டோ பைலட்டிடமும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பழைய பானிகள் பலவற்றில் தரையோரமாக இருக்கிறது. விமானம் குத்திட்டுப் பாயும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். கை அங்கே எட்டினால் அதிர்ஷ்டம். எட்டினாலும், கயிறு மேல்நோக்கி இழுக்கும் அந்த வேளையில், அதைப் பிடித்திருக்கும் பழைய ஸ்வைசர் கொக்கி விடாப்பிடியாக நிற்கக்கூடும். இது ஊரறிந்த சங்கதி. பாரம் இருந்தாலும் விடுகிற டோஸ்ட் கொக்கி சந்தையில் கிடைக்கிறது. ஆனால் அதற்குச் செலவாகும், ஐயா! பூச்சித் துடைப்பானுக்கு ஆகாத செலவு.

சட்டமும் சும்மா இல்லை. கயிறு கிளைடரின் உச்ச எடையில் 80 சதவீதத்துக்குக் குறையாமலும் 200 சதவீதத்துக்கு மிகாமலும் தாங்க வேண்டும் என்று அமெரிக்க விதி 91.309 அளந்து வைத்திருக்கிறது. வாலைத் தூக்கிவிட அவ்வளவு இழுவிசையே தேவையில்லை என்பதால், கயிற்றுக்குப் பெரும்பாலும் ஒரு சேதமும் வராது.

பேச்சுவார்த்தை எப்படி என்று கேளுங்கள். டோ விமானம் இறக்கையை ஆட்டினால் "உடனே கழன்றுகொள்". சுக்கானை ஆட்டினால் "உன் ஏர்பிரேக் திறந்திருக்கிறது, பார்". இரண்டே சைகை. நாலு கண்டத்துக் காற்றின் குணத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கும் சாம்பியன்களுக்கு இந்த இரண்டும் குழம்பிவிடுகின்றன. சுக்கான் ஆடியதும், திறந்த ஏர்பிரேக்கோடு தாழ்ந்த உயரத்திலேயே கழன்று மரங்களில் போய் இறங்குகிறார்கள். இதுவும் புதிதில்லை, திரும்பத் திரும்ப நடப்பது.

ரேடியோ இருக்கிறதே! ஆறு டோ விமானம் ஒரே அலைவரிசையில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு குரல் கத்தும்: "வேகம்! வேகம் கூட்டு!" யார், யாரிடம்? அழைப்புப் பெயர் சொல்ல மூச்சு இல்லை. ஆறு பேரும் விசையைக் கூட்டுவார்கள். மெதுவாகப் போனால் பாரம் ஏற்றிய கிளைடர் தள்ளாடும் என்பது உண்மைதான். எந்த வேகம் வேண்டும் என்று தரையில், கயிறு மாட்டுவதற்கு முன் சொல்லியிருக்கலாமே. டோ பைலட்டிடம் போய்ப் பேசுவதா? அந்தஸ்து என்ன ஆவது?

காலைக் கூட்டத்தில் வானிலைக்குப் படம் போட்டு விளக்கம். பந்தயப் பாதைக்கு அலசல். டோவுக்கு ஒரு வரி: "எல்லோரும் பாதுகாப்பாகப் பறக்கவும்." அந்த ஒரு வரியைக் கேட்கக்கூட டோ பைலட்கள் அங்கே இல்லை, வெளியே வெயிலில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செத்தால் மறுநாள் ஒரு நிமிட மௌனம். ரேடியோவில் முறையாக ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர்கள் மௌனத்தை மட்டும் பிசகாமல் அனுஷ்டிப்பார்கள்.

எப்போதாவது ஒரு டோ பைலட் துணிந்து, "இந்த ஆள் நேற்று என் வாலை இரண்டு முறை தூக்கினார், இவரை நான் இழுக்க மாட்டேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். கிளைடர் வரிசையைத் தாமதப்படுத்துகிறார் என்று பெயர் வரும். அடுத்த ஆண்டு அவருக்கு அழைப்பு வராது. அந்தக் கிளைடர்காரருக்கு வரும். தரவரிசையில் மேலே இருக்கிறவர் அல்லவா.