கல்லைக் கண்டால்

சென்னையிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் காரில் கிளம்பும் எந்தக் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். முன் சீட்டு இவருடையது. வண்டி ஓட்டத் தெரியாது. எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் இவர்தான் முடிவு செய்வார். கழுத்தில் பைனாகுலர், மடியில் குடவாயில் பாலசுப்ரமணியன் புத்தகம். பயணத்துக்கு வெளியே சொல்லும் காரணமோ, "கும்பகோணத்துல நம்ம சிநேகிதனைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு, பாவம்!"

அந்தப் பாவப்பட்ட சிநேகிதர் பகல் ஒரு மணிக்கு இலையைக் கழுவி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார். இவரோ கங்கைகொண்ட சோழபுரத்தில், சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பத்தின் முன்னால் நிற்பார். நடை சாத்தியாகிவிட்டது. டிரைவருக்குப் பசி. மனைவி மெல்ல நினைவுபடுத்தினால் பதில் வரும்: "சிவன் ஆயிரம் வருஷமா அந்தப் பூவைச் சுத்திக்கிட்டே இருக்கார். அவன் ஒரு மணி நேரம் காத்திருக்கக் கூடாதா?"

அணைக்கரையில் கொள்ளிடம் வந்ததும் குரல் கம்மிவிடும். "மெதுவாப் போப்பா. 1836-ல வெள்ளைக்காரன் ராஜேந்திர சோழன் கோயில் மதில் கல்லைப் பெயர்த்து வந்துதான் இந்தக் கீழணையைக் கட்டினான். நீ இப்ப மதில் மேல ஓட்டுறே." டிரைவர் பயந்து பிரேக்கை மிதிப்பார். பின்னால் லாரிக்காரர் ஹாரனில் வைவார். "ராஜேந்திரனே ஊருக்கு ஏரி வெட்டினவர்தானே, தண்ணிக்குக் கல்லு போனா கோவிச்சுக்கவா போறார்?" என்பார் மனைவி. வரலாற்றில் இப்படிக் குறுக்கே பேசுகிறவர்களை இவருக்குப் பிடிக்காது.

மூன்றரை மணிக்குச் சிநேகிதர் வீடு. வாசலில் இறங்கியவர் உள்ளே போகமாட்டார். அப்படியே உறைந்து நிற்பார்.

"திண்ணை எங்கேடா?"

"மூட்டு வலிடா, படியேற முடியல. இடிச்சுட்டுச் சாய்தளம் போட்டுட்டேன்."

"அந்த ரெண்டு தேக்குத் தூணு?"

"பழைய மரக்கடைக்குக் கொடுத்தாச்சு."

இவர் கண் கலங்கிவிடும். தூணைத் தேடிக் கலங்கிய கண்ணைச் சிநேகிதரின் மனைவி முழங்காலுக்காகக் கலங்கியதாக எடுத்துக்கொண்டு, "அண்ணாவுக்கு இவர் மேல எவ்வளவு பிரியம்!" என்று நெகிழ்ந்து இன்னொரு கரண்டி நெய் விடுவார். சொல்லப்போனால் இந்த நட்பு இத்தனை காலம் ஓடுவதே இப்படிப்பட்ட புரிதல்களால்தான்.

தாராசுரத்தில் சிநேகிதரின் பேரனுக்கு வேலை கிடைக்கும். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்ட சிற்பத்தில், பையன் ஒரு பக்கத்தைக் கையால் மறைக்க வேண்டும். இவர் யானையைப் படமெடுப்பார். பிறகு மறுபக்கம், காளை. சிநேகிதர் ஆசையாகப் பக்கத்தில் வந்து நின்றால், "கொஞ்சம் தள்ளுப்பா, தூண் மறையுது." ஆக, முழுப் பயணத்திலும் அந்தக் குடும்பத்தில் படத்தில் விழுந்தது ஓர் உள்ளங்கை மட்டுமே.

தஞ்சாவூரில் இவர் ஊருக்கே பொதுவாகிவிடுவார். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாரோ குழந்தைக்குச் சொல்வது காதில் விழுந்தால் போதும், ஓடிப்போய் அந்தக் குடும்பத்தைக் கூட்டிவந்து வரிசையாக நிறுத்தி, "வெயில் சுடுதா? சுடலையே! ஏன்? நிக்கிறது நிழல்ல!" என்பார். அந்தப் பெரிய நந்தி முன்னால் கண்மூடி நிற்பவரின் தோளைத் தட்டி, "இது ராஜராஜன் வெச்சது இல்ல, நாயக்கர் காலத்துது" என்று தெரிவிப்பார். கும்பிட்டவர் என்ன செய்வார், வேண்டுதலை வாபஸ் வாங்கவா முடியும்?

திரும்பும் வழியில், விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது இவர் போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியும் இவர் எட்டிப் பார்க்காத, திண்டிவனத்துச் சிநேகிதர். "மாப்ளே! எப்படிடா இருக்கே? ரெண்டு நாளா உன் ஞாபகமாவே இருக்குடா... ஆமா, உங்க வீட்டிலேர்ந்து செஞ்சிக் கோட்டைக்கு எவ்வளவு நேரமாகும்?"