தொட்டிக்குள் ஆர் வீடு கட்டினது?

கேள்வி: மாட்டுக்கென்று தொட்டியில் அசோலா வளர்த்தேன். ஒரு கிழமைக்குள் கறுத்துச் சுருண்டுவிட்டது. பக்கத்து வீட்டாரின் கண்ணூறு என்கிறார் மனைவி. அப்படியும் இருக்குமோ? (தம்பலகாமம்)

பதில்: அவர்களோடு கோபிக்க முதல் ஒரு கைப்பிடி அள்ளி, வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் விட்டுப் பரப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று இலைத்துண்டுகள் ஒட்டிக்கொண்டு தாமாக நகரும். பிரித்தால், பட்டுநூலால் தைத்த கூட்டுக்குள் ஒரு சின்னப் புழு. எலோஃபிலா என்ற விட்டிலின் பிள்ளை. சாப்பாட்டையே வீடாகக் கட்டி, வீட்டோடு பயணம் போய், போகும் இடமெல்லாம் சாப்பிடும். வாடகையும் இல்லை, வங்கிக்கடனும் இல்லை. பழுதானதை அள்ளி எறிந்துவிட்டு, நுளம்பு வலையால் தொட்டியை மூடுங்கள். தாய் விட்டில் முட்டையிட வராது. மருந்து மட்டும் அடிக்காதீர்கள். அதைத் தின்னப்போவது உங்கள் மாடு.

கேள்வி: அசோலா பாசிதானே? (மூதூர்)

பதில்: பாதி சரி. அது பூக்காமல், காய்க்காமல் வித்தியால் பெருகும் பன்னம். அதன் இலைக்குள் குடியிருப்பதுதான் நீலப்பச்சைப் பாசி. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதும் அதுவே.

கேள்வி: சல்வீனியாவும் பன்னம் என்கிறார்களே. குளத்தை இந்தப் புழுவிடமே ஒப்படைத்தால் என்ன? (கிண்ணியா)

பதில்: அதையும் தின்னும். ஆனால் இது தின்னும் வேகத்தைவிட அது பரவும் வேகம் பெரிது. 1939இல் படிப்புக்கென்று கொழும்புக்குக் கொண்டுவந்த செடி, படிப்பை முடிக்காமலே வெளியேறி நாடெங்கும் குளங்களை மூடியது. கடைசியில் அதன் தென்னமெரிக்கச் சொந்த ஊர்க்காரனான, 2 மில்லிமீட்டர் அளவே உள்ள கூன்வண்டை 1986இல் இறக்கிவிட்டார்கள். பல இடங்களில் அந்தப் பொடியன்தான் வழிக்குக் கொண்டுவந்தான். ஆசியாவும் அவுஸ்திரேலியாவும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருக்கின்றன: புளோரிடாவின் சதுப்புக் காடுகளை மூடிய நம் பக்கத்துக் கொடிப்பன்னத்தைத் தின்ன, நியோமுசோடிமா என்ற விட்டிலை 2008இல் அங்கே பறக்கவிட்டார்கள். அதற்கு விசாப் பிரச்சினை வரவில்லை.

கேள்வி: குளத்தைத் தரையென்று நம்பி யப்பான் விமானம் இறங்கட்டும் என்றே வெள்ளைக்காரன் சல்வீனியாவைப் பரப்பினான் என்று அப்பப்பா சொல்லுவார். மெய்யா? (திருகோணமலை)

பதில்: செடி வந்து மூன்றாம் வருடம் யப்பான் வந்ததால் கதைக்குக் காலம் மட்டும் நன்றாகப் பொருந்திவிட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி வந்த விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. குளத்தில் இறங்கிக் கால் கழுவ வந்தவர்களாகத் தெரியவில்லை.